பாட்டரி ஏன் அடிக்கடி தண்ணீர் கேட்கிறது?

மோட்டார் காரின் பாட்டரி வலுவிழந்துவிட்டால் அது உடனே தெரிந்துவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கிவிடும். அக்கம் பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளச் சொல்ல வேண்டியதுதான். பாட்டரிக்கு மின்சாரம் போதாததால் வரும் தொல்லை இது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் ஒன்று உண்டு. பாட்டரிக்குத் தேவைக்கு மேல் மின்சாரம் செலுத்தப்படுவதே அது. மெக்கானிக்குகள் இதனை ‘ஓவர் சார்ஜ்’ என்பார்கள். இந்த நோய் சத்தமின்றி வளருவது. வண்டி சட்டென்று கிளம்பும். விளக்குகள் வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரியும். ஆகவே எல்லாம் நன்றாக இருப்பதாகவே உரிமையாளர் நினைத்துக்கொண்டிருப்பார். ஒரே ஒரு குறைதான் அவர் கண்ணில் படும்: பாட்டரியில் தண்ணீர் நிற்பதில்லை!

மந்தைவெளியில், இராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிரீமியர் பத்மினி கார் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரந்தோறும் அதன் பாட்டரிக்குச் சுத்த நீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. புதிதாகப் போட்ட பாட்டரி ஓராண்டுகூட முழுதாக உழைக்கவில்லை. முன்விளக்கு பல்பு இரண்டு தடவை போய்விட்டது. “ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது, மாற்றிவிடலாம்” என்கிறார் ஒருவர். “ரெகுலேட்டரை மாற்றினால் போதும்” என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி? பணத்தைச் செலவழிக்கும் முன்பே இதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரும், பள்ளியில் படித்த ஓம் விதியும் இருந்தால் போதும்.

வேலை தீர்ந்த மின்னோட்டம்

காரில் உள்ள 12 வோல்ட் பாட்டரி என்பது வரிசையாக இணைக்கப்பட்ட ஆறு மின்கலங்களின் தொகுதியாகும். ஒவ்வொரு கலத்திலும் ஈயத் தகடுகளும், ஈய டை ஆக்சைடு கொண்ட தகடுகளும், நீர்த்த கந்தக அமிலமும் உள்ளன. பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்டன் பிளாண்டே 1859-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த ஈய மின்கலத்தின் வழித்தோன்றல்தான் இது. முழுமையாக மின்னேற்றம் பெற்று ஓய்வில் இருக்கும் ஒரு கலத்தின் மின்னழுத்தம் சுமார் 2.1 வோல்ட். ஆறு கலங்களுக்கும் சேர்த்து 12.6 முதல் 12.7 வோல்ட் வரை இருக்கும்.

பாட்டரியிலிருந்து நாம் மின்சாரம் எடுக்கும்போது இருவகைத் தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றம் செய்யும்போது இந்தச் சல்பேட் கரைந்து, தகடுகள் பழைய நிலையை அடைகின்றன. சரி, சல்பேட் முழுவதும் தீர்ந்த பின்னரும் மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? செய்வதற்கு வேறு வேலை இல்லாத மின்னோட்டம், அமிலத்தில் உள்ள நீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டும் குமிழிகளாகக் கிளம்பி, மூடியில் உள்ள துளை வழியே வெளியேறிவிடுகின்றன. பாட்டரி ‘குடிக்கும்’ தண்ணீர் போகும் இடம் இதுதான்.

எவ்வளவு தண்ணீர் போகும் என்பதையும் கணக்கிடலாம். மைக்கேல் பாரடே 1834-இல் வெளியிட்ட மின்பகுப்பு விதிகளின்படி, 1 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஒரு கலத்தில் சுமார் 0.34 கிராம் நீர் பிரிகிறது. ஆறு கலங்களும் வரிசையில் இருப்பதால் அதே மின்னோட்டம் எல்லாவற்றிலும் பாய்கிறது. ஆகவே மொத்தம் சுமார் 2 கிராம் நீர் போகிறது. தேவையற்ற மின்னோட்டம் 5 ஆம்பியர் என்றும், வண்டி நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்றும் கொள்வோம். ஒரு நாளைக்கு 20 கிராம். ஒரு வாரத்துக்கு 140 கிராம். வாரம் ஒரு முறை ஊற்ற வேண்டியிருப்பதில் வியப்பில்லை அல்லவா?

இதில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. 20 கிராம் நீர் பிரியும்போது 25 லிட்டருக்கும் மேல் ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. காற்றின் கொள்ளளவில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு சிறு பொறி அதைப் பற்றவைத்துவிடும். பாட்டரி வெடித்தால் அமிலம் முகத்தில் தெறிக்கும். ஆகவே இது பாட்டரியின் விலை மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமன்று, கண்பார்வையும் சம்பந்தப்பட்டது.

ஆல்டர்னேட்டரும் அதன் காவலாளியும்

பாட்டரிக்கு மின்சாரம் தருவது எது? 1950-களின் இறுதியில் வெளிவந்த அம்பாசடர், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற வண்டிகளில் தொடக்கத்தில் டைனமோவே இருந்தது. பிற்காலத்தில் அந்த இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்துக்கொண்டது. சென்னை பாடியில் உள்ள, 1961-இல் நிறுவப்பட்ட லூகாஸ்-டி.வி.எஸ். தொழிலகத்தின் டைனமோக்களையும் ஆல்டர்னேட்டர்களையும் இந்திய வண்டிகள் பலவற்றில் காணலாம். பத்மினியின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அம்பாசடரின் உற்பத்தியும் 2014-இல் நின்றது. ஆனால் அவற்றைப் போற்றி வைத்திருப்போர் இன்றும் உண்டு.

ஆல்டர்னேட்டரின் நடுவே ஒரு மின்காந்தம் சுழல்கிறது. எஞ்சினோடு பட்டை ஒன்றால் இணைக்கப்பட்டிருப்பதால் எஞ்சின் ஓடும்போதெல்லாம் இதுவும் சுழலும். சுற்றிலும் அசையாமல் இருக்கும் கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. சிலிக்கான் டயோடுகள் அதை ஒரே திசையில் பாயும் மின்சாரமாக மாற்றி பாட்டரிக்கு அனுப்புகின்றன.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அடையாற்றுப் பாலத்தில் ஊர்ந்து செல்லும்போது எஞ்சின் மெதுவாகச் சுழலும். மாமல்லபுரம் சாலையில் விரையும்போது பல மடங்கு வேகமாகச் சுழலும். வேகம் கூடினால் மின்னழுத்தமும் கூடிவிடுமே? அப்படிக் கூடாமல் தடுப்பதற்காக வைக்கப்பட்ட காவலாளிதான் ‘ரெகுலேட்டர்’ எனப்படும் மின்னழுத்தச் சீராக்கி. சுழலும் மின்காந்தத்துக்குச் செல்லும் மின்னோட்டம் இரண்டு மூன்று ஆம்பியர்தான். ரெகுலேட்டர் இதைக் கட்டுப்படுத்துகிறது. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவை, அதாவது சுமார் 14.2 வோல்ட்டைத் தாண்டினால் இந்த மின்னோட்டத்தை நிறுத்துகிறது. குறைந்தால் மீண்டும் விடுகிறது. ஒரு விநாடிக்குள் இப்படிப் பலமுறை நடப்பதால், வெளியே நமக்கு மின்னழுத்தம் நிலையாக இருப்பதுபோல் தெரிகிறது. பழைய ரெகுலேட்டரில் துடிக்கும் தொடுமுனைகள் இந்த வேலையைச் செய்தன. பின்னர் வந்தவற்றில் டிரான்சிஸ்டர்களும் ஜீனர் டயோடும் செய்கின்றன. சில வண்டிகளில் ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக இருக்கும்; சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும்.

காவலாளிக்குப் பொய்ச் செய்தி

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். பாட்டரியின் மின்னழுத்தம் எவ்வளவு என்பது ரெகுலேட்டருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியை நினைத்துப் பாருங்கள். கீழே உள்ள மோட்டார் தண்ணீரை ஏற்றுகிறது. தொட்டியில் ஒரு மிதவை இருக்கிறது. தண்ணீர் உயர்ந்து மிதவை மேலே வந்ததும் மோட்டார் நின்றுவிடும். ஒரு நாள் மிதவை பாசியில் சிக்கிக் கீழேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொட்டி நிரம்பி வழியும். மோட்டாரோ, “இன்னும் நிரம்பவில்லை போலும்” என்று ஓடிக்கொண்டே இருக்கும். இதைப் பார்த்து யாராவது மோட்டாரைக் கழற்றிப் புது மோட்டார் போடுவார்களா? போட்டாலும் அது வழியத்தான் செய்யும்.

ரெகுலேட்டரின் நிலையும் இதேதான். அது பாட்டரியை நேரடியாகப் பார்ப்பதில்லை. தன்னிடம் வந்து சேரும் கம்பியின் முனையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறது. பல பழைய வண்டிகளில் அந்தக் கம்பி பாட்டரியிலிருந்து புறப்பட்டு, சாவித் துவாரத்தின் பின்னுள்ள இக்னிஷன் சுவிட்ச், பியூஸ் பெட்டி, இரண்டு மூன்று இணைப்புகள் ஆகியவற்றைத் தாண்டியே ரெகுலேட்டரை அடைகிறது. இந்த வழியில் எங்காவது துருப்பிடித்திருந்தால் அங்கே மின்தடை உண்டாகும்.

எவ்வளவு மின்தடை? பத்தில் ஒரு ஓம் என்றே வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆனால் இதே வழியில் இக்னிஷன் காயிலுக்கு 4 ஆம்பியர், மின்காந்தத்துக்கு 2 ஆம்பியர், வேறு கருவிகளுக்கு 2 ஆம்பியர், ஆக 8 ஆம்பியர் பாய்கிறது. ஓம் விதிப்படி 8-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 0.8 வோல்ட். அதாவது பாட்டரியில் 14.2 வோல்ட் இருக்கும்போது ரெகுலேட்டருக்குக் கிடைக்கும் செய்தி 13.4 வோல்ட்தான். “குறைகிறதே!” என்று அது மின்காந்தத்தை மேலும் முடுக்கிவிடும். தன் முனையில் 14.2 வரும்வரை ஓயாது. அப்போது பாட்டரியில் இருப்பது 15.0 வோல்ட்!

ரெகுலேட்டரின் உடல் வண்டியின் தகட்டோடு தொடும் இடத்திலும் இதே கதை நடக்கலாம். அந்தத் தகட்டில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் ‘எர்த்’ இணைப்பு சரியாகக் கிடைக்காது. அதனாலும் ரெகுலேட்டர் உண்மையைவிடக் குறைவாகவே அளக்கும். இங்கே ஆல்டர்னேட்டரும் குற்றவாளி அல்ல, ரெகுலேட்டரும் குற்றவாளி அல்ல. கேட்ட செய்திக்கு ஏற்ப நேர்மையாக உழைக்கும் இரண்டு பேரைத்தான் நாம் தூக்கி எறியப் பார்க்கிறோம்.

கடற்காற்றும் கோடையும்

சென்னையில் இந்தக் கோளாறுக்கு இரண்டு காரணங்கள் துணை செய்கின்றன. ஒன்று, கடற்காற்று. மந்தைவெளியிலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை நடந்து போகும் தூரம்தான். உப்பு கலந்த ஈரக்காற்று செம்பு, பித்தளை இணைப்புகளை மெல்ல மெல்ல அரிக்கிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் பல பகுதிகளில் வெள்ளம் தேங்கியதை அறிவீர்கள். அப்படித் தேங்கிய நீரில் நின்ற வண்டிகளில், வெளியே எல்லாம் காய்ந்த பிறகும் பியூஸ் பெட்டிக்குள்ளும் கம்பி முனைகளிலும் பச்சை பூத்துவிடுவது உண்டு.

மற்றொன்று, வெப்பம். பாட்டரி சூடாக இருந்தால் குறைந்த மின்னழுத்தத்திலேயே நீர் பிரியத் தொடங்கிவிடும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 14.4 வோல்ட்டைத் தாங்கும் பாட்டரிக்கு, ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் 0.2 முதல் 0.3 வோல்ட் வரை குறைத்துக் கொடுக்க வேண்டும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31-ஆம் நாள் 45 டிகிரி பதிவாயிற்று. கத்திரி வெயிலில், எஞ்சினுக்கு அருகே அமர்ந்திருக்கும் பாட்டரியின் வெப்பம் 50 டிகிரியை எளிதில் எட்டிவிடும். அப்போது அதற்குப் பொருத்தமான அளவு 13.8 வோல்ட் அளவில்தான் இருக்கும். ஆகவே நல்ல நிலையில் உள்ள வண்டிகூடக் கோடையில் சிறிது நீரைக் குடிக்கும். ஒன்றிரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கொஞ்சம் ஊற்றினால் அது இயல்பு. வாரந்தோறும் ஊற்றினால் அது நோய்.

அடையாளங்கள்

மருத்துவர் நாடி பார்க்கும் முன்பு நோயாளியை ஏற இறங்கப் பார்க்கிறார் அல்லவா? நாமும் அப்படியே செய்வோம்.

பாட்டரியின் மேற்புறம் எப்போதும் ஈரமாக இருக்கிறதா? முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூக்கிறதா? கீழே உள்ள தட்டு அரித்துப் போயிருக்கிறதா? நெடுந்தூரம் ஓட்டி வந்ததும் அமில நெடியோ அழுகிய முட்டை நாற்றமோ வீசுகிறதா? எஞ்சினை முடுக்கும்போது முன்விளக்கு மேலும் மேலும் பிரகாசிக்கிறதா? பல்புகள் அடிக்கடி போகின்றனவா? இழை பல்பின் ஆயுள் மின்னழுத்தத்தைப் பொறுத்து மிக வேகமாக மாறக்கூடியது. மின்னழுத்தம் பத்து சதவீதம் கூடினால் ஆயுள் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

முன்பலகையில் உள்ள சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று கேட்கலாம். அது பசியை மட்டுமே சொல்லும்; அஜீரணத்தைச் சொல்லாது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தராதபோது எரிவதற்காக அமைந்த விளக்கு அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லாக் கலங்களிலும் ஏறக்குறைய ஒரே அளவு நீர் குறைந்திருந்தால் ஓவர் சார்ஜ் என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கலம் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபட்டிருந்தால் நோய் பாட்டரிக்குள்ளேயே இருக்கலாம்.

அளந்து பார்க்கும் முறை

மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் பகுதியில், 20 வோல்ட் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

முதற்படி, வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தபின் பாட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே அளப்பது. 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. எவ்வளவு மின்னேற்றினாலும் 10.5 அளவிலேயே நின்றால் ஒரு கலம் செத்துவிட்டது என்று பொருள். திரவமானி கொண்டு ஒவ்வொரு கலத்தின் அமில அடர்த்தியையும் பார்த்தால் அது எந்தக் கலம் என்பதும் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட பாட்டரியில் 14.2 வோல்ட் ஐந்து கலங்களுக்குப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 2.8 வோல்ட்டுக்கு மேல் கிடைப்பதால் அவை கொதிப்பதுபோல் குமிழியிடும். வோல்ட்மீட்டர் சரியாகக் காட்டும். ஆனால் பாட்டரி வறளும். இங்கே மாற்ற வேண்டியது பாட்டரியைத்தான்.

இரண்டாம் படி, எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சற்று முடுக்கிய நிலையில் மறுபடியும் பாட்டரி முனைகளில் அளப்பது. 13.8 முதல் 14.4 வரை இருந்தால் கவலை இல்லை. 14.8-ஐத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஓவர் சார்ஜ் உறுதி.

மூன்றாம் படிதான் வழி பிரியும் இடம். எஞ்சின் வேகத்தை மெதுவாகக் கூட்டிக்கொண்டே மீட்டரைக் கவனியுங்கள். மின்னழுத்தம் வேகத்தோடு கூடவே 15, 16, 17 என்று ஏறிக்கொண்டே போகிறதா? அப்படியானால் காவலாளி தூங்கிவிட்டான். உடனே வேகத்தைக் குறைத்து எஞ்சினை நிறுத்திவிடுங்கள். மாறாக, 15.1 போன்ற ஓர் அளவுக்கு வந்து அங்கேயே நின்றுவிடுகிறதா? அப்படியானால் காவலாளி விழித்துத்தான் இருக்கிறான். அவனுக்கு வரும் செய்திதான் பொய்யாக இருக்கக்கூடும்.

நான்காம் படி, செய்தியைச் சோதிப்பது. எஞ்சின் ஓடும்போது மீட்டரின் சிவப்பு முனையைப் பாட்டரியின் நேர் முனையிலும், கறுப்பு முனையை ரெகுலேட்டருக்கு வரும் அளவுக் கம்பியின் முனையிலும் வையுங்கள். இடைப்பட்ட வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டர் நேரடியாகக் காட்டும். அது 0.2-க்குள் இருக்க வேண்டும். அடுத்து, பாட்டரியின் எதிர் முனைக்கும் ரெகுலேட்டரின் உடலுக்கும் இடையே இதே போல் அளந்து பாருங்கள். நமது மந்தைவெளிப் பத்மினியில் முதல் அளவு 0.6, இரண்டாவது 0.3 என்று வந்தால், கூட்டுத்தொகை 0.9. பாட்டரியில் உள்ள 15.1-லிருந்து இதைக் கழித்தால் 14.2. கணக்கு சரியாக முடிந்துவிட்டது. ரெகுலேட்டர் தனக்கு விதிக்கப்பட்ட அளவை அணுவளவும் மீறவில்லை.

இதை உறுதி செய்ய ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. பாட்டரி முனைகளில் மீட்டரை வைத்துக்கொண்டு, அதே இக்னிஷன் வழியில் மின்சாரம் பெறும் வைப்பரையோ வேறு கருவியையோ இயக்குங்கள். சுமை கூடினால் மின்னழுத்தம் சற்றுக் குறைவதுதான் வழக்கம். ஆனால் வழியில் மின்தடை இருக்கும் வண்டியில் மின்னழுத்தம் கூடும்! கூடுதல் மின்னோட்டத்தால் வழியில் தொலையும் வோல்ட் அதிகரிக்கிறது. ரெகுலேட்டர் அதையும் ஈடுகட்ட முயல்கிறது.

ஐந்தாம் படி, காவலாளி தூங்கும் வண்டிக்கு உரியது. ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக இருந்தால், எஞ்சினை நிறுத்திவிட்டு, அதிலிருந்து மின்காந்தத்துக்குச் செல்லும் கம்பியைக் கழற்றி, முனை எங்கும் படாதபடி ஒதுக்கி வையுங்கள். எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஓடவிட்டு அளந்து பாருங்கள். மின்னேற்றம் நின்று மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் சற்றே காட்டினால் ரெகுலேட்டர்தான் கெட்டது. அப்போதும் மின்னேற்றம் தொடர்ந்தால், அந்தக் கம்பியோ ஆல்டர்னேட்டரின் உட்பகுதியோ வேண்டாத இடத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும் வண்டியானால் இந்தச் சோதனையை அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது.

செய்யக்கூடாதவை

டைனமோ காலத்து வழக்கம் ஒன்று இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போதே பாட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, “வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா?” என்று பார்ப்பார்கள். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். பாட்டரி திடீரென்று விலகியதும் மின்னழுத்தம் ஒரு கணம் பல பத்து வோல்ட்டுக்குத் தாவும். டயோடுகளும் டிரான்சிஸ்டர்களும் அந்தக் கணத்திலேயே கருகிவிடலாம். கம்பியைக் கழற்றும்போது தெறிக்கும் பொறி, அங்கே தேங்கியிருக்கும் ஹைட்ரஜனைப் பற்றவைக்கவும் கூடும். பாட்டரியில் நீர் மட்டத்தைப் பார்க்கத் தீக்குச்சி கிழிப்பதும் இதே காரணத்தால் பேராபத்து.

கிணற்று நீரையோ குழாய் நீரையோ ஊற்றாதீர்கள். அதில் உள்ள உப்புகளும் இரும்பும் தகடுகளுக்கு நஞ்சு. பாட்டரிக் கடையில் விற்கும் வாலை நீரையே ஊற்ற வேண்டும். அமிலத்தைச் சேர்க்கக் கூடாது. வெளியேறியது நீர்தானே தவிர அமிலமன்று.

தண்ணீர்த் தொல்லையே வேண்டாம் என்று மூடி இல்லாத, அடைக்கப்பட்ட பாட்டரியை வாங்கிப் போட்டுவிடுவதும் பரிகாரமாகாது. ஓவர் சார்ஜ் தொடரும். உள்ளே நீர் வறளும். நமக்குக் கிடைத்துவந்த எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும்.

பழைய ரெகுலேட்டரில் உள்ள திருகைத் திருகி மின்னழுத்தத்தைக் குறைத்துவிடுவோரும் உண்டு. மிதவை சிக்கியிருக்கும்போது மிதவையின் கயிற்றை வெட்டிச் சரிசெய்வது போன்றது அது. பின்னொரு நாள் யாரேனும் இணைப்புகளைச் சுத்தம் செய்தால், பாட்டரி பட்டினி கிடக்கத் தொடங்கிவிடும்.

பரிகாரம்

பழுதின் இடம் தெரிந்துவிட்டால் பரிகாரம் எளிது. முதலில் பாட்டரியின் எதிர் முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். பியூஸ் பெட்டியின் கவ்விகளையும் கம்பி முனைகளையும் உப்புத்தாளால் பளபளப்பாகும்வரை தேயுங்கள். தளர்ந்த முனைகளைப் புதிதாக மாற்றுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, அதன் அடியில் உள்ள பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்கமாகப் பொருத்துங்கள். எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உள்ள பின்னல் பட்டையையும் பாருங்கள். பிறகு நான்காம் படியைத் திரும்பச் செய்யுங்கள், அளவு 0.2-க்குள் வந்துவிட வேண்டும்.

இக்னிஷன் சுவிட்சே தேய்ந்து போயிருந்தால் அதை மாற்ற வேண்டும். அதே சுவிட்ச் கிடைக்காத வண்டிகளில் ஒரு ரிலேயைப் பயன்படுத்தலாம். சாவி ரிலேயை இயக்கும். ரிலே, பாட்டரியிலிருந்து தகுந்த பியூஸ் வழியாக ரெகுலேட்டருக்கு நேர்வழி திறந்துவிடும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் உள்ள உதிரிபாகக் கடைகளில் இவை எளிதில் கிடைக்கும்.

மாணவர்களுக்கு ஒரு சோதனை

கார் இல்லாமலும் இந்த உண்மையை நீங்கள் கண்டறியலாம். இரண்டு டார்ச் செல்களையும் ஒரு டார்ச் பல்பையும் கம்பியால் இணையுங்கள். கம்பியில் ஓர் இடத்தில் வெட்டி, இரு முனைகளையும் ஒரு துருப்பிடித்த ஆணியின் இரு பக்கங்களில் சுற்றுங்கள். பல்பு மங்கலாக எரியும். இப்போது ஆணியின் இருபுறமும் மீட்டரை வைத்து அளந்தால் சிறிது வோல்ட் காட்டும். துருவைத் தேய்த்துவிட்டு அளந்தால் அது ஏறக்குறைய மறைந்துவிடும்.

அடுத்து, ஆணியில் துரு இருக்கும்போதே பல்பைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். மீட்டர் பூஜ்யம் காட்டும்! துரு எங்கும் போகவில்லை, மின்னோட்டம்தான் நின்றுவிட்டது. மின்னோட்டம் இல்லையேல் மின்னழுத்த இழப்பும் இல்லை. ஆகவேதான் நிறுத்தி வைத்த வண்டியில் கம்பிகளைச் சோதித்துவிட்டு “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று சொல்வது செல்லாது. எஞ்சின் ஓடும்போது, கருவிகள் இயங்கும்போது அளப்பதே சோதனை.

பாட்டரி அடிக்கடி தண்ணீர் கேட்டால் அது ஒரு முறையீடு என்று கொள்ளுங்கள். அந்த முறையீட்டுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்: செத்துப்போன ஒரு கலம், தூங்கிப்போன ரெகுலேட்டர், அல்லது துருப்பிடித்த ஓர் இணைப்பு. முதல் இரண்டுக்கும் பணம் வேண்டும். மூன்றாவதற்கு ஒரு துண்டு உப்புத்தாள் போதும். இவற்றில் எது என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. இரண்டு கம்பி முனைகளைச் சரியான இடங்களில் வைத்து அளந்தால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். எதையும் மாற்றும் முன்பு அளந்து பாருங்கள்.